ஆடம்ஸ் பெட்டியைத் தூக்கினார்

ஷார்ஜா தமிழ் வகுப்புக்கு நெப்போலியன் கிடைத்தார். எங்களுக்கு மூன்று விக் கிடைத்தது.

அநியாயம்தானே? நீங்களே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்புகளுக்கு இடையே நாடகப் போட்டி. தலைப்பு, உலகத் தலைவர்கள். யாருக்கு எந்தத் தலைவர் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். நெப்போலியன் என்றால் வாள் உண்டு, தொப்பி உண்டு, அட்டைக் குதிரைகூட உண்டு. துபாய் அல் குசைஸ் வகுப்பான எங்களுக்கு வந்ததோ ‘அமெரிக்காவின் முதல் மூன்று ஜனாதிபதிகள்’. நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள், வேறென்ன!

அருள்செல்வி மிஸ் மட்டும் அசரவில்லை. "அவசரப்படாதீங்க. இதுக்குள்ள பெரிய சண்டை இருக்கு," என்று கதையைச் சொன்னார்.

முதல் ஜனாதிபதி வாஷிங்டன். அவருக்குக் கட்சி என்றாலே ஆகாது. கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? அவர் பதவியில் இருக்கும்போதே இரண்டு கட்சிகள் முளைத்துவிட்டன. இரண்டாவது ஜனாதிபதி ஆடம்ஸ் ஒரு கட்சி. அவரைத் தேர்தலில் தோற்கடித்து மூன்றாவதாக வந்த ஜெபர்சன் இன்னொரு கட்சி. ஒரு காலத்தில் இருவரும் நல்ல நண்பர்கள். அப்புறம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உமாராணி வாஷிங்டன். பானுப்பிரியா ஆடம்ஸ். சுபிஷா ஜெபர்சன். சுபிஷா என்றால் நான்தான்.

அவ்வளவுதான், எங்கள் வகுப்பும் இரண்டானது! பானு பக்கம் பாதிப்பேர், என் பக்கம் பாதிப்பேர். இடைவேளையில் சமோசாகூட கட்சி பார்த்துத்தான் பங்கு போட்டார்கள். மேடையில் "கட்சி வேண்டாம், கட்சி வேண்டாம்" என்று கெஞ்சும் வாஷிங்டன், கீழே இறங்கியதும் என் கட்சிக்கு ஆள் பிடித்தாள். தலையில் பஞ்சு விக் ஆடிக்கொண்டே இருக்கும்.

எனக்கு ஜெபர்சன் வேடத்தில் ஒரே ஆசை, கடைசியில் வரும் பேச்சுதான். முழுசாக ஒரு பக்கம். பதவி ஏற்கும்போது பேசுவது. அதை அப்பா கேட்க வேண்டும்.

அப்பாவுக்கு ஓமானில் சோஹார் துறைமுகத்தில் வேலை. கிரேன் ரிப்பேர் பார்ப்பார். அம்மா இங்கே துபாயில் நர்ஸ். நான் எத்தனையோ முறை மேடை ஏறியிருக்கிறேன். அப்பா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எப்போதும் லீவு கிடைக்காது. இந்தத் தடவை கிடைத்துவிட்டது. "மக்களே, நான் முன்னாலதான் இருப்பேன், பாத்துக்கோ," என்று எங்கள் ஊர் வழக்கப்படி என்னைக் கூப்பிட்டுப் போனில் சொன்னார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

போட்டியில் ஒரு விதி இருந்தது. நாடகத்துக்கு டைரக்டராகவும் ஒரு பிள்ளைதான் இருக்க வேண்டும்.

"வகுப்பு முடியறதுக்குள்ள பேர் சொல்லணும். இல்லன்னா நம்ம வகுப்பு போட்டியிலேயே இல்ல," என்றார் மிஸ்.

நானும் பானுவும் எழுந்து நின்றோம். வேறு யார் நிற்பார்கள்?

"நான் ஜெயிச்சா ஜெபர்சன் பேச்சு ரெண்டே வரி!" என்று பானு கையை உயர்த்தி அறிவித்தாள். "ஒரு பக்கம் பேசினா ஜனங்க தூங்கிடுவாங்க."

இரண்டு வரி கேட்கவா அப்பா அவ்வளவு தூரம் வருகிறார்?

சீட்டு எழுதிப் போட்டோம். அவளுக்கும் எனக்கும் சமம். மறுபடி போட்டோம். சமம். பேசிப் பார்த்தோம், கத்திப் பார்த்தோம், மறுபடி போட்டோம். சமம்!

"விட்டுக் கொடுத்துடாத," என்று உமாராணி என் காதைக் கடித்தாள்.

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "ஜெபர்சன் காலத்துலயும் இப்படித்தான் இழுத்துச்சு. அவருக்கும் அவர் கட்சிக்காரர் ஒருத்தருக்கும் சமமா வந்துடுச்சு. முப்பத்தாறு தடவை ஓட்டுப் போட்டாங்க. கடைசியில எதிர்க்கட்சியில சிலபேர் வெறும் சீட்டைப் போட்டாங்க. அப்புறம்தான் முடிஞ்சுது. நமக்கு அவ்வளவு நேரமில்ல கண்ணுங்களா, இதுதான் கடைசி."

நான் யோசித்தேன். நாடகமே இல்லாமல் போனால், அப்பா சோஹாரிலிருந்து பஸ் ஏறி வந்து ஷார்ஜாக்காரர்களின் அட்டைக் குதிரையைப் பார்த்துவிட்டுப் போவார். பானு ஜெயித்தால் இரண்டு வரியாவது பேசலாம்.

சீட்டில் ஒன்றும் எழுதாமல் மடித்துப் போட்டேன்.

பானு ஒரு ஓட்டில் ஜெயித்தாள். அவள் பக்கம் மேசையைத் தட்டினார்கள்.

"யாருடி அது, வெறும் சீட்டு போட்டது?" என்று உமாராணி விக்கைக் கழற்றி வீசினாள்.

"நான்தான்."

"நீயா? உனக்கு நீயே ஓட்டுப் போடலையா? உனக்கு மூளை இருக்கா?"

பானுவும் வாயைப் பிளந்து என்னையே பார்த்தாள். ஆனால் அவள் கட்சி சுற்றி நின்றதே! "ரெண்டு வரின்னா ரெண்டு வரிதான். கலாஸ், பேச்சு முடிஞ்சுது," என்றாள்.

வீட்டுக்குப் போய் அழுதேன். நாடகத்துக்காகத்தான் விட்டுக்கொடுத்தேன் என்றாலும் அழுகை வரத்தான் செய்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒத்திகை. ஆடம்ஸ் தேர்தலில் தோற்றார். திரைக்குப் பின்னால் போனார். நான் இரண்டு வரி பேசினேன். திரை மூடியது.

"அவ்வளவுதானா?" என்றார் மிஸ்.

யாரும் கைதட்டவில்லை. "நல்லா வேணும்," என்றாள் உமாராணி.

பானுவைக் காணோம். தண்ணீர் கூலருக்குப் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவவில்லை, அழுதுகொண்டிருந்தாள். நல்லா வேணும் என்று எனக்கும் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் பாவமாகப் போய்விட்டது.

"பானு, தோத்ததும் ஆடம்ஸ் என்ன செஞ்சார்?"

"ஊருக்குப் போயிட்டார். விடியறதுக்கு முன்னாடியே. ஜெபர்சன் பதவி ஏத்துக்கறதைப் பாக்கக்கூட நிக்கல."

"வாளை உருவினாரா?"

"இல்லையே."

"ஜனாதிபதிடி அவர்! படையே அவர் கையில இருந்துச்சு. போகமாட்டேன்னு உட்கார்ந்திருந்தா?"

பானு மூக்கை உறிஞ்சினாள்.

"அவருக்குக் கோபம்தான்," என்றேன். "ஆனாலும் எழுந்து போயிட்டார் இல்ல? அதுதான்டி பெரிய விஷயம். நீ போய் திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கற! ஒரு பெட்டியைத் தூக்கிட்டு மேடையை விட்டு இறங்கு. ஜனங்க நடுவுல நடந்து, வாசல் வரைக்கும் போ. மெதுவா போ."

"எல்லாரும் என்னையே பாப்பாங்களே!"

"பாக்கட்டும்."

"அப்ப உனக்கு?"

"எனக்குத்தான் ரெண்டு வரி இருக்கே."

பானு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டைரக்டர் குரலில் சொன்னாள்: "வாசல் வரைக்கும் ரொம்ப தூரம். சத்தமே இல்லாம நடந்தா போரடிக்கும். நான் போற வரைக்கும் யாராவது பேசிட்டே இருக்கணும். அந்த ஒரு பக்கம் ஞாபகம் இருக்கா, மறந்துட்டியா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேளு!" என்று குதித்தேன்.

போட்டி நாள் வந்தது. நெப்போலியன் குதிரையோடு வந்து கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். அடுத்தது நாங்கள்.

பானு கொண்டுவந்த பெட்டியைப் பார்த்து உமாராணி தலையில் அடித்துக்கொண்டாள். பானுவின் அப்பா ஊருக்குப் போகும் பெட்டி அது. குறுக்கும் நெடுக்கும் கயிறு. மேலே தடித்த எழுத்தில் ‘சோலையப்பன், துபாய் - மதுரை’.

"அமெரிக்க ஜனாதிபதி மதுரைக்கா போறார்?"

"வேற பெட்டி கிடைக்கல. யல்லா, மேடைக்குப் போங்க!" என்றாள் டைரக்டர்.

கடைசிக் காட்சி. ஆடம்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். பெட்டியைத் தூக்கினார். படியிறங்கினார். நான் பேச ஆரம்பித்தேன்.

கயிற்றைப் பார்த்து முதலில் சிலர் சிரித்தார்கள். சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அரங்கத்தில் இருந்த அப்பா அம்மாக்கள் எல்லாரும் ஒரு நாள் இப்படிக் கயிறு கட்டிய பெட்டியோடு, விடிவதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள்தானே. பானு நிமிர்ந்து, நிதானமாக நடந்தாள். நான் குரலை உயர்த்தினேன். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒரே நாட்டுப் பிள்ளைகள்தான் என்றேன். எதிர்க்கட்சிக்காரர் பயமில்லாமல் பேசலாம், நாங்கள் கேட்போம் என்றேன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். நாடகம் என்பதே மறந்துபோய்ப் பெட்டியைப் பிடித்தார். "கனமா இருக்கும் பிள்ளே, இங்க கொண்டா," என்றார்.

ஐயோ, அது என் அப்பா!

என் பேச்சு பாதியில் நின்றது. பானு தடுமாறவில்லை. தலை நிமிர்ந்து, "நன்றி ஐயா. இதை நானேதான் தூக்கிட்டுப் போகணும்," என்றாள்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது! வரிசை வரிசையாக எழுந்து ஆடம்ஸுக்கு வழி விட்டார்கள். பானு வாசலைத் தொட்டதும் நான் கடைசி வரியைச் சொன்னேன். முழுப் பக்கத்தையும் சொல்லி முடித்திருந்தேன், ஒரு சொல்கூட விடவில்லை.

முதல் பரிசு, அல் குசைஸ்! நெப்போலியன்கூட ஓடிவந்து எங்களுக்குக் கை கொடுத்தார்.

"அப்பா, என் பேச்சைக் கேட்டீங்களா?"

"கேட்டேன் மக்களே. அதைக் கேட்டுத்தான் எனக்கு இருக்க முடியல, எழும்பிட்டேன்," என்று அப்பா கண்ணைத் துடைத்தார்.

அதற்குள் டைரக்டரை மேடைக்கு அழைத்தார்கள். பானு என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கோப்பை நாங்கள் நினைத்ததைவிடக் கனம். ஆளுக்கு ஒரு காதைப் பிடித்து, இரண்டு பேருமாகத் தலைக்கு மேலே தூக்கினோம்.