நானூற்றுப் பதினேழாம் ஹீட்

புதுவாயல் கூட்ரோட்டைத் தாண்டி, பஞ்சர் கடைக்குப் பின்னால் இருந்த சிற்பியின் ஷெட்டில் நாங்கள் ஐந்து பேரும் போய் இறங்கியபோது மணி பதினொன்றரை. சித்திரை வெயில். ஆட்டோவிலிருந்து கால் வைத்ததுமே மூக்கைப் பொத்தியவன் நான் ஒருவன்தான்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் நகரின் நாற்சந்திக்கு ஒரு சிலை வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்தக் குழு. நலச்சங்கத் தலைவர் சின்னதுரை, குடியிருப்புக்காரர்கள் இரண்டு பேர், அந்தச் சந்தியிலேயே நாஷ்டா கடை வைத்திருக்கும் எல்லம்மா, அப்புறம் நான். ஸ்டீல் மில்லில் முப்பது வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவன் என்பதால், ஆதிகேசவன் சாருக்கு இரும்பு தெரியும் என்று இழுத்துப் போட்டார்கள். தெரியும். அதுதான் என் வினை.

சிற்பி விமல் முதலில் காட்டியது ஒரு டால்பின். களிமண்ணில் செய்த மாதிரி வடிவம், மேசை உயரம், வாயைப் பிளந்து சிரித்தது. பக்கத்தில் பழவேற்காட்டு ஏரி இருக்கிறதே, அதற்குப் பொருத்தம் என்றார். அந்த ஏரியில் இவர் எங்கே டால்பினைப் பார்த்தாரோ! குடியிருப்புக்காரர்கள் இரண்டு பேரும் உடனே அதனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, மூலையில் நின்றது. ஏழடி உயரத்தில் ஒரு தொழிலாளி. மூடிப்போன மில் ஒன்றின் யார்டில் கிடந்த இரும்புக் கட்டிகளை வாங்கிவந்து வெல்டிங் வைத்துச் செய்ததாம். கம்பி விரல்கள், தகட்டு முகம், நெஞ்சுக்கு மட்டும் ஒரே பெரிய கட்டி.

நெஞ்சு முழுக்க ஈ.

வெறும் இரும்பில் ஈக்கு என்ன வேலை? கையால் விரட்டினேன். விரல் நெஞ்சில் பட்டது. மீன் கழுவிய தண்ணீர் காய்ந்த இடத்தைத் தொட்டது போல் பிசுபிசுத்தது. கசிந்துகொண்டிருந்தது. பழுப்பு நிறம். முகர்ந்து பார்த்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தலைமுடி தீயும் நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு நாற்றம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை அதை முகர்ந்திருக்கிறேன்.

முதுகுப்பக்கம் போய்ப் பார்த்தேன். கிரைண்டர் தேய்க்காமல் விட்ட இடத்தில் பஞ்ச் அடித்த எண் இருந்தது. 417.

எங்கள் மில்லில் ஒரு தடவை உருக்கி ஊற்றுவதை ஹீட் என்போம். ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஓர் எண் உண்டு, அதைக் கட்டியில் அடிப்பது என் வேலை. நானூற்றுப் பதினேழாம் ஹீட் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் தேசப்பன் ஃபர்னஸுக்குள் விழுந்தான். எல்லம்மாவின் புருஷன். கண் மூடித் திறப்பதற்குள் ஒன்றுமில்லை. எரிக்கவோ புதைக்கவோ ஓர் எலும்புகூட இல்லை.

அப்படி ஆனால் எங்கள் மில்லில் ஒரு வழக்கம். அந்த ஹீட்டிலிருந்து ஆளின் எடைக்கு ஒரு கட்டியை வெட்டிக் குடும்பத்திடம் கொடுப்போம். அதற்கு மாலை போட்டுப் புதைப்பார்கள். அன்று வெட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. கேஸ் கட்டர் பட்டதும் அந்தப் புகை என் வாய்க்குள் போனது. வாந்தி எடுத்தேன். அந்தக் கட்டியை மறுபடி தொட எனக்குக் குமட்டியது. பக்கத்து அடுக்கில் முந்தைய ஹீட், 416, சுத்தமாகக் கிடந்தது. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, 417 என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். எல்லம்மா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கை கழுவப் போய்விட்டேன்.

நிஜமான 417 யார்டு மூலையில் கிடந்து, மில் மூடி, இப்போது இங்கே நின்று வேர்த்துக்கொண்டிருக்கிறது.

ஓட்டுக்கு வந்தார்கள். குடியிருப்புக்காரர்கள் டால்பின். சின்னதுரை தொழிலாளி. எல்லம்மா சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷிப்டு முட்ச்சிகினு வர்ற ஆளு மாரி கீறாரு," என்றாள். "இவரே இருக்கட்டும்."

இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தேர்வாகாவிட்டால் இதை என்ன செய்வீர்கள் என்று விமலிடம் கேட்டேன். இரும்புதானே சார், இதையே உருக்கி டால்பின் ஊற்றிவிடுவேன் என்றார்.

உருக்கி.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மா, நீ புதைத்தது வெறும் இரும்பு, உன் ஆள் இதோ நிற்கிறான் என்று. அவனை இன்னொரு தரம் நெருப்பில் போடாதே என்று. வாய் வரைக்கும் வந்தது. கூடவே அந்த நாற்றமும் வந்தது. தினமும் சந்தியில் அதைக் கடந்து பால் வாங்கப் போவதை நினைத்தேன். உருகித் தொலையட்டும், எண்ணும் அழியட்டும் என்று நினைத்தேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்.

"டால்பின்," என்றேன்.

திரும்பி நடக்கும்போது முதுகில் ஏதோ சூடாகப் பட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் டால்பின் வந்து இறங்கியது. நீல பெயின்ட், சுற்றிலும் செவ்வந்தி மாலை, மைக் செட். திறந்துவைத்து, கைதட்டி, லட்டு கொடுத்து எல்லோரும் கலைந்தபோது உச்சிவெயில். நான் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினேன்.

நீல பெயின்ட் மேல் ஈக்கள் உட்கார ஆரம்பித்தன.

முதலில் நாலைந்து. பிறகு வயிறு முழுக்க.

பெயின்ட் கொப்பளித்தது. கொப்புளம் உடைந்து பழுப்பாக வழிந்தது. எல்லம்மா கடையை விட்டு வந்தாள். முந்தானையால் அந்தப் பிளந்த வாயைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், வேர்த்துப்போய் வீட்டுக்கு வந்தவனைத் துடைப்பதுபோல. நான் குடையோடு இரண்டடி பின்னால் போனேன். அவள் முகத்தில் கொஞ்சமும் சுளிப்பு இல்லை.

"பதினோரு வருசமா அந்தக் கட்டிக்குப் பூ வச்சிகினு கீறேன் சார்," என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "இவர ரெண்டாவது தபா கொளுத்திட்டியே."

உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"உம் முதுவப் பாரு. அன்னிக்கு ஷெட்டுலயே பாத்தேன், இன்னிக்குத்தான் புரிஞ்சிது. ஊட்டுக்குப் போயி பாரு."

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். காலையில்தான் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளைச் சட்டை. முதுகில், வலது தோளுக்குக் கீழே, பழுப்பாக ஒரு கை. விரித்து அழுத்தி வைத்த கை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டினேன். தோலிலும் அதேதான் இருந்தது. சோப்பு போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், மனைவி பீர்க்கங்கூடு வைத்து ரத்தம் வரும்வரை தேய்த்தாள். போகவில்லை. அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

விமல் செய்த தொழிலாளிக்குக் கையில் ஐந்து கம்பி விரல். டால்பினுக்குக் கையே கிடையாது.

ரோலிங் பிரிவில் இருந்தபோது தேசப்பனுக்கு வலது மோதிர விரல் போயிற்று. கட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் நான்தான்.

என் முதுகில் இருக்கும் கையில் நாலு விரல்.