மூன்று பேருக்கான காற்று

பாகவதர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சை விடும்போது இவர் இழுத்தார். ஒரே துருத்தியை இருவர் மிதிப்பதுபோல் இருந்தது. எதிர்ப் படுக்கையிலிருந்து ஒல்லி இதைப் பார்த்தான். பெண் கொடுத்த வீட்டார் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான்: பார்க்காததுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மாமா அக்கா புருஷன் ஆயிற்றே.

மூவரும் கடலடியில் குழாய் பற்றவைப்பவர்கள். ஆழத்தின் அழுத்தம் உடம்பில் ஏறியிருப்பதால், வேலை முடிந்தும் கப்பல்மேல் ஓர் இரும்பு உருளைக்குள் அடைபட்டு, அந்த அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும்வரை நாள்கணக்கில் கிடக்கவேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் சோடா பாட்டில்போல ரத்தம் நுரைத்துவிடும். காற்றில் ஹீலியம் வேறு. அதனால் எல்லோருக்கும் வாத்துக் குரல். மீசைக்காரர்கள் வாத்துக் குரலில் குடும்பக் கதை பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? முதலில் வந்தது. பிறகு வியர்வையும், காயாத துணியின் வீச்சமும், கழிவறைப் புளிப்பும், குழாயில் ஓயாமல் உஸ்ஸென்று பாயும் காற்றும் சேர்ந்து அந்தச் சிரிப்பைத் தின்று தீர்த்தன.

“மாப்ள, இந்தாளு ரெண்டு பேரு காத்தை இழுக்குறான்யா,” என்றார் மாமா, சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல்.

“பாட்டுப் பாடுற நெஞ்சு மாமா. கொஞ்சம் அகலம்.”

“சிரிக்காத. இழுக்குறான், இழுக்குறான், விடவே மாட்டேங்குறான். அதெல்லாம் எங்க போகுது?”

பாகவதர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “ஒண்ணுமில்லடா. உங்க மாமனுக்குப் பொண்டாட்டி நெனப்பு.”

தினமும் கப்பல் டாக்டரம்மா வெளியிலிருந்து ஸ்பீக்கரில் விசாரிப்பார். தூக்கம் வருகிறதா, யாரோடாவது மனத்தாங்கலா, யாராவது ஒதுங்கி உட்காருகிறார்களா. அவர் உள்ளே பார்க்கும் காமிராவின்மேல் மாமா ஈரத் துண்டைப் போட்டு மூடியபோதுகூட, “துவைச்சுக் காயப்போட்டிருக்கோம்மா,” என்று ஒல்லிதான் சமாதானம் சொன்னான்.

“உங்க மாமா தூங்குறாரா தம்பி?”

“அவர் குறட்டையிலதான்மா எங்களுக்குத் தூக்கம் போச்சு.”

மாமா கண்மூடித் தூங்கியே பல நாளாகியிருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் சாப்பாடு வரும் குட்டிக் கதவு வழியே தூக்க மருந்து வந்திருக்கும். கூடவே மாமா இனி எந்தக் கடலிலும் இறங்கக்கூடாது என்ற உத்தரவும் வந்திருக்கும். பிள்ளைத்தாய்ச்சி அக்கா துறைமுக வாசலில் அவன் கையைப் பிடித்துச் சொல்லியனுப்பியிருந்தாள்: “அவரைப் பத்திரமா கூட்டிட்டு வாடா. வெளிய எதையும் வாய்விட்டுறாத.” அவளுக்கு முன்பே ஏதோ தெரிந்திருக்கிறது. வீட்டு விஷயம் வீட்டோடு. அப்படிப் பொத்திப் பொத்தித்தானே எல்லா வீட்டிலும் பிணம் விழுகிறது.

மதியச் சாப்பாடு வந்துபோன பிறகு ஒல்லி பக்கத்து உருளையில் குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தத்தின் ஊடே, யாரோ கல்லில் துணி துவைப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஈரமாக. நிதானமாக. உள்ளே துவைகல் ஏது? தண்ணீரை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை. காற்றில் துருவேறிய ஆணியை நக்கியதுபோல் ஒரு ருசி.

இரண்டு உருளைகளையும் இணைக்கும் வட்டத் துவாரத்தின் வழியே தலையை நீட்டினான்.

பாகவதரின் நெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். கையில் குழாய் வால்வு முடுக்கும் பெரிய ஸ்பேனர். பாகவதரின் மூக்கு இருந்த இடத்தில் பள்ளம். அதன்மேலும் ஓர் அடி. இன்னொன்று.

“அடைச்சிட்டேன் மாப்ள,” என்றது வாத்துக் குரல், பெருமையாக. “அப்பவும் இழுக்குறான் பாரு.”

ஒல்லியின் வாய் திறந்தது. காற்று உள்ளே போனது.

மாமா திரும்பினார். “நீயும் நெறைய இழுக்குற.”

முதல் அடி தோளில். எலும்பு நொறுங்கியது. இருவரும் ரத்தத்தில் வழுக்கி விழுந்தார்கள். மாமாவின் கட்டைவிரல் அவன் கண்ணைத் தேடியது. கடித்தான். விரல் வாயோடு வந்தது. துப்பினான். ஸ்பேனர் கைமாறியது.

பத்திரமா கூட்டிட்டு வாடா.

அடித்தான். மாமாவின் கால்கள் உதறி ஓய்ந்தன. அதன் பிறகும் அடித்தான்.

“தம்பி! என்ன சத்தம்?” என்றது ஸ்பீக்கர்.

சொன்னான். முதல்முறையாக, எல்லாவற்றையும்.

“இப்பக் கதவைத் திறக்க முடியாது தம்பி. தெரியும்ல?”

“தெரியும்.”

“அவங்களைப் போர்வையால மூடுங்க. பார்க்காதீங்க.”

மூடினான். எதிர்ப் படுக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அக்காவிடம் என்ன சொல்வது? போர்வைகளில் சிவப்பு மெல்ல ஊறிப் பரவியது.

“தம்பி.” டாக்டரம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. “ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு நிச்சயமா?”

“முகமே இல்லம்மா.”

“இல்ல… இங்க ஆக்சிஜன் மீட்டர்… இப்பவும் மூணு பேரு மூச்சு விடுற அளவுக்குத்தான் இறங்குது.”

ஒல்லி மூச்சை விட்டான்.

இரண்டு போர்வைகளிலும், வாய் இருந்த இடத்தில், ஈரத் துணி உள்ளே குழிந்தது.

இழுத்தான். துணி உப்பியது.

விட்டான். குழிந்தது. முன்னைவிட ஆழமாக.

கையால் வாயையும் மூக்கையும் இறுகப் பொத்திக்கொண்டான். துணி அசையவில்லை. காதுக்குள் ரத்தம் இடித்தது. நெஞ்சு எரிந்தது. பார்வை ஓரங்களில் கறுத்தது.

போர்வைக்கடியில், முகமில்லாத இரண்டு தலைகளும் மெல்ல அவன் பக்கம் திரும்பின.