வளைந்த சுவரின் இரண்டு படங்கள்

கல்யாணப் படமொன்றில் மணமகளின் கன்னத்துப் பருவை அழித்துக்கொண்டிருந்த மச்சான், வாசலில் நின்ற பெண்ணைக் கண்டதும் கணினியை விட்டு எழுந்தான். இரும்பு கடையும் லேத் பட்டறை நடத்துவதால் தெருவே அவளை லேத்தக்கா என்றுதான் கூப்பிடும்.

"உங்க மாமா இருக்காரா தம்பி?"

அவன் அக்காவின் கணவர் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தார். துப்பறியும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாததால் 'நிதானம்' என்றே பெயராகிவிட்டது.

லேத்தக்கா மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். "கட்டடம் என் மாமியாரோடது. நான் வெளியூர் போயிருந்தப்ப, கொழுந்தன் என் பட்டறையோட பக்கச் சுவரை இடிச்சுட்டாரு. லேத் அதிர்ந்து சுவர் வளைஞ்சிடுச்சாம், யார் மேலயாவது விழுந்திடுமாம். நான் கிளம்புறப்ப நேராத்தான் நின்னுச்சு. இந்தப் படங்களைக் காட்டினதும் மாமியார் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரர் போனப்புறம் எனக்கும் என் பொண்ணுக்கும் அந்தப் பட்டறைதான்யா சோறு போடுது."

மேசையில் இரண்டு படங்கள் விழுந்தன. ஒன்று கறுப்பு வெள்ளை. லேத் வருவதற்கு முன்பே, பழைய பிலிம் கேமராவில் கொழுந்தன் எடுத்ததாம். சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. மற்றது வண்ணப் படம். போன வாரம் எடுத்ததாம். அதில் சுவர் தொந்தி வைத்திருந்தது.

"பிலிம்னா பிலிம்தான் மாமா! புள்ளி புள்ளியா என்ன அழகு!" என்றான் மச்சான்.

"அழகை அப்புறம் ரசிக்கலாம் மாப்ள. சுவரை விட்டுட்டு மத்ததைப் பாரு."

மச்சான் குனிந்தான். வண்ணப் படத்தில் சுவருக்கு எதிர் ஓரத்தில் ஒரு மின்கம்பம். அதுவும் வெளிப்பக்கம் வளைந்திருந்தது! கம்பத்தின் அருகே, ஓரத்தை ஒட்டி ஒரு சைக்கிள் சக்கரம். கறுப்பு வெள்ளையில் கம்பம் நேர், சைக்கிளையே காணோம். ஆனால் தரையில் சக்கரத்தின் நிழல் மட்டும் விழுந்து கிடந்தது.

அவன் இரண்டு படங்களையும் மாமாவிடம் நகர்த்தினான். நிதானம் கொழுந்தனைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, படம் பிரமாதம். அந்த வண்ணப் படத்தோட ரா கோப்பு கிடைக்குமா?" என்று கேட்டார். புகழ்ச்சியில் குளிர்ந்துபோன கொழுந்தன், சாயங்காலம் அம்மா வீட்டுக்குத் தானே கொண்டுவருவதாகச் சொன்னான்.

அன்று சாயங்காலம் லேத்தக்காவின் மாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மச்சான் மடிக்கணினியைத் திறந்து, கொழுந்தன் கொண்டுவந்த கோப்பை ஏற்றினான்.

"கேமராவுக்குள்ள விழுந்த படம் அப்படியே இருக்கிறதுதான் ரா கோப்பு," என்றார் நிதானம். "அகலமாப் பிடிக்கிற லென்ஸ், ஓரத்துல இருக்கிற நேர்கோட்டை வளைச்சுக் காட்டும். சுவரை வளைச்சது லேத்னா, தெருவுக்கு அந்தப்பக்கம் நிக்கிற கம்பத்தை வளைச்சது யாரு? மாப்ள, லென்ஸ் திருத்தம்."

மச்சான் ஒரு பொத்தானை அழுத்தினான். தொந்தி உள்வாங்கியது, சுவர் நிமிர்ந்தது, கம்பமும் நிமிர்ந்தது. மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நிமிர்த்தும்போது ஓரம் வெட்டுப்படும். சைக்கிள் போயிடும், உள்பக்கம் விழுந்த நிழல் தங்கிடும். இப்போ பிலிம் சாயல்," என்றார் நிதானம்.

நிறம் வடிந்தது. புள்ளிகள் பூத்தன. மேசையில் கிடந்த 'பழைய' படம் அச்சு அசலாகத் திரையில் வந்து நின்றது. அதே இடத்தில் அதே நிழல்.

"ரெண்டும் ஒரே படம்மா. வளைஞ்ச சுவருன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. நேர்ல பார்த்தா தெரிஞ்சிடும்னுதான் அவசரமா இடிச்சாச்சு."

"எதுக்குடா இப்படிப் பண்ணே?" மாமியாரின் குரல் உடைந்தது.

கொழுந்தன் தரையைப் பார்த்தான். "ஸ்டூடியோ வைக்க இடம் வேணும்மா. கேட்டா அண்ணி தரமாட்டாங்கன்னு..."

"கேட்டாத்தானே தம்பி தெரியும்?" என்றாள் லேத்தக்கா. "பட்டறைக்குப் பின்னாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு. உங்க அண்ணன் இருந்தப்பவே, அது உங்களுக்குன்னு சொல்லித்தான் காலியா விட்டிருந்தாரு."

அவன் முகம் செத்துவிட்டது.

மாமியார் எழுந்து மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மகனைப் பார்க்கவே இல்லை.

"ரூமைப் பத்தி அப்புறம் பேசலாம். விடிஞ்சதும் கொத்தனாரைக் கூப்பிடு. செங்கல்லை நீ சும."