எங்கிருந்தோ வரும் வெப்பம்

பால்கனியில் இருந்த ஏசியின் அவுட்டோர் யூனிட்டைப் பழுதுபார்க்க மெக்கானிக் காலையிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் சாயங்காலம் அக்காவின் கட்டிலுக்கு மேலிருந்த, குளிருக்குச் சூடும் தரக்கூடிய ஏசியிலிருந்து, இஸ்திரி போட்ட துணியின் வாசனையோடு, இளஞ்சூடான காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பாடா, இப்பதான் உயிர் வந்த மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உடம்பில் குளிர் ஏறினால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பார்த்துக்கொள்ளத் தங்கையை விட்டால் வேறு நாதியில்லை.

தங்கை ரிமோட்டை அழுத்தினாள். நிற்கவில்லை.

"அதை நோண்டாதடி. நீ கை வச்சா ஓடுறதும் நின்னுடும்."

கூடத்துக்குப் போய் மெயின் சுவிட்சையே இறக்கினாள். விளக்குகள் அணைந்தன. காற்று மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பால்கனிக் கதவைத் திறந்தாள். வெறும் தரை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு செம்புக் குழாய்களின் வாயையும் மெக்கானிக் டேப் சுற்றி அடைத்திருந்தார். தடித்த குழாயைத் தொட்டாள். சுட்டது. உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஏசி ஓடுதுண்ணே."

"எதை வச்சும்மா ஓடும்? அவுட்டோர் என் கண்ணு முன்னாடி கிடக்கு." சிரித்தார். "ஏசி சூட்டை உண்டாக்காதும்மா. வெளியில இருக்கிற சூட்டை உறிஞ்சி உள்ள கொண்டாந்து விடும், அவ்வளவுதான். உறிஞ்சுறதுக்கு வெளியில ஒண்ணு வேணும்ல?"

கையில் போன் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. நகங்கள் நீலமாகியிருந்தன. விலாவுக்குள் துடிப்பு இல்லை; அதற்குப் பதிலாக, தாழ்ந்த, இடைவெளியே இல்லாத ஓர் உறுமல். கம்ப்ரசர் ஓடும்போது இந்தத் தரையில் பாதத்துக்குத் தெரியுமே, அதே அதிர்வு.

புரிந்தது. அலறத் தோன்றவில்லை. போகட்டும். சூடு என்னிடமிருந்தே போகட்டும். அக்கா பிழைத்தால் போதும்.

முன்கை ரோமங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. பனி.

"அண்ணே..." நாக்கு புரளவில்லை. "அவுட்டோர்ல பனி பிடிச்சா?"

"அதுக்கு ஏன் பயப்படுறீங்க? அதுவே பாத்துக்கும். கொஞ்ச நேரம் தலைகீழா ஓடும். ரூம்ல இருக்கிற சூட்டை வாங்கித் தன் பனியைக் கரைச்சுக்கும்."

டக்.

நெஞ்சுக்குள்.

பாதத்திலிருந்து சூடு ஏறியது. இதமாக. விரல்களிலிருந்து நீர் சொட்டியது.

"சின்னு..." உள்ளிருந்து அக்காவின் குரல். "சில்லுன்னு வருதுடி. கதவைச் சாத்தேன்."

ஓடினாள். போர்வையை இழுத்து மூடினாள். அக்காவின் பற்கள் கிடுகிடுத்தன. வேண்டாம், எடுக்காதே, போதும். யாரிடம் சொல்வது? தன்னை எப்படி அணைப்பது?

வேறு வழி தெரியாமல் அக்காவை இறுகக் கட்டிக்கொண்டாள்.

தங்கையின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அவள் கை பட்ட இடத்திலிருந்து, தோள், கழுத்து, உதடு, இமை என்று அக்கா வெள்ளையாகிக்கொண்டே போனாள்.