வேர் பிடித்த பாய்

"என் வீட்டுக்காரர் செத்துட்டாருங்க. அதுக்காக உங்ககிட்ட வரலை. அவரைத் திருடன்ங்கிறாங்க. அதுக்குத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு ஜோவிதா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். துப்பறிவாளர் பஞ்சநாதன் பேனாவைத் தொடவில்லை. அவருடைய உதவியாளர் பஹீமா அதற்குள் அரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

ஜோவிதாவின் கணவன் வில்சன், நெடுங்காட்டு வாய்க்கால் ஓரம் எழும்பும் குடியிருப்பில் சூப்பர்வைசர். பள்ளமான வயலில் மண் கொட்டி உயர்த்திய மனை அது. மழையில் அந்த மண் கரைந்து வாய்க்காலுக்குள் ஓடாமலிருக்க, சரிவு முழுக்கத் தென்னைநார்ப் பாய் விரித்து, மூங்கில் முளை அடித்து, புல் விதைத்திருந்தார்கள். சென்ற வாரத்து அடைமழையில் ஒரே ஓர் இடம் மட்டும் சரிந்தது. அதன் அடியில் வில்சன்.

"புல் முளைச்ச பாயைப் பெயர்த்து ஏதோ ரிசார்ட்டுக்கு வித்துட்டாராம். அந்த எடத்துல புதுப் பாயைப் போட்டு மூடிட்டாராம். காண்ட்ராக்டர் முத்தையன் ஊரெல்லாம் சொல்றார். கோயில்லகூட யாரும் முகம் கொடுத்துப் பேசலைங்க."

"உங்ககிட்ட அவர் எதையாவது மறைச்சாரா?"

"பேசினாத்தானே மறைக்க? வேளாங்கண்ணியில கொடி ஏத்தின அன்னிக்கு எங்க பொண்ணு டெல்பின் போயிட்டா. நாலு வயசுங்க. அதுலேர்ந்து வீட்டுல பேச்சே இல்லை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போனோம். மழையில புள்ளையோட மேடு பாதி கரைஞ்சு கெடந்துச்சு. நான்தான் கத்தி அழுதேன். அவர் அப்பவும் வாய் தொறக்கலை."

பஞ்சநாதன் எழுந்தார். "வாங்க பஹீமா. மண்ணைப் பார்த்துட்டு வருவோம்."

மனையில் முத்தையன் குடையோடு எதிர்கொண்டார். "திருடனுக்கு வக்கீலா சார்?"

"வக்கீல் இல்லைங்க. பாய் எங்கே போச்சுன்னு பார்க்க வந்தேன்."

சரிவின் இரு பக்கமும் பச்சை. நடுவே கிழிந்து தொங்கிய பாய் மட்டும் பழுப்பாக, ஒரு புல்கூட இல்லாமல் கிடந்தது. பழைய பாயைக் கத்தியால் நேராக வெட்டி எடுத்த தடம் தெரிந்தது. பஹீமா சேற்றில் இறங்கி, துப்பட்டாவைப் பிடித்து அளந்தாள்.

"கட்டில் அளவுகூட இல்லை சார். ஆனா புதுப் பாய்க்கு முளையை நெருக்கி நெருக்கி அடிச்சிருக்காங்க."

"புதுப் பாயெல்லாம் எங்கே இருக்கும்?" பஞ்சநாதன் கேட்டார்.

"ஷெட்டுல. சாவி அவன்கிட்டதான்," என்றார் முத்தையன்.

"கீழே தகரக் கொட்டகை இருக்கே. அன்னிக்கு ஆளுங்க இல்லையா?"

"இருந்தாங்க. மழை வலுத்ததும் அவன்தான் எல்லாரையும் மேலே விரட்டினான். அப்புறம் மணல் மூட்டையைத் தூக்கிட்டு இங்கேயே வந்து நின்னான்."

"இவ்வளவு நீளச் சரிவுல இங்கேயேவா?"

முத்தையன் குடையோடு திரும்பி நடந்தார்.

காரில் பஹீமா பொரிந்து தள்ளினாள். "இந்தக் காண்ட்ராக்டர்தான் வித்திருப்பார் சார். செத்தவன் எழுந்து வந்து இல்லைன்னு சொல்ல மாட்டான்ல?"

"புல் விக்கிறவன் கட்டில் அளவுக்கா வெட்டுவான்?"

அவள் குறிப்பேட்டைத் திறந்து அளவை மறுபடி பார்த்தாள்.

வில்சனின் வீட்டுக் கொல்லையில் ஒரு மண்வெட்டி சாத்தியிருந்தது. நெடுங்காட்டு மண் கருப்பு. கையில் பிசுபிசுக்கும் களிமண். மண்வெட்டியில் காய்ந்து ஒட்டியிருந்ததோ வெள்ளை மணல்.

"இது கடலோர மண்," என்றார் பஞ்சநாதன். "அம்மாவையும் கூப்பிடுங்க. கடற்கரைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகணும்."

பஹீமா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கல்லறைத் தோட்டத்தில் மழை வேலையைக் காட்டியிருந்தது. மண் மேடுகள் எல்லாம் தரையோடு படுத்துவிட்டன. வில்சனின் புது மேட்டில்கூட நீர் வழிந்து பள்ளம் பறித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு, மணல் துளியும் கலையாமல், பச்சைப்பசேலென்று.

"தானா மொளைச்ச புல்லுன்னு நெனச்சேன்," என்றாள் ஜோவிதா.

பஞ்சநாதன் மண்டியிட்டுப் புல்லை விரலால் விலக்கினார். அடியில் தென்னைநார்ப் பின்னல்.

"சாவி கையில இருந்தும் புதுசை விட்டுட்டு ஏன் சார் பழசை எடுத்தார்?" பஹீமாவின் குரல் இறங்கியிருந்தது.

"புதுசு வேர் பிடிக்க நாளாகும். மழை காத்திருக்குமா? அன்னிக்கே மண்ணைப் பிடிக்கிற பாய் அவருக்கு வேணும். இந்த அளவு போதும். அங்கே புதுசைப் போட்டு, முளையை நெருக்கி அடிச்சா தாங்கும்னு நம்பினார். மழை வலுத்ததும் அந்த நம்பிக்கை போயிடுச்சு. எந்த எடம் சரியும்னு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அதான் மத்தவங்களை விரட்டிட்டு, தான் மட்டும் அங்கே போய் நின்னார்."

ஜோவிதா சின்ன மேட்டைப் பார்த்தாள். "நான் அழுததுக்கா?"

பஞ்சநாதன் விலக்கிய புல்லை மறுபடி சேர்த்து மூடினார்.

"விக்கலைல்ல?" என்று மறுபடி கேட்டாள். "இதைக் காட்டினா அவர் பேரு சரியாயிடும்ல?"

"ஆயிடும்மா. ஆனா இது முத்தையனோட பொருள். கேஸுக்குச் சாட்சி. போலீஸ் உரிச்சு எடுத்துட்டுப் போவாங்க."

"போட்டோ போதாதா சார்?"

"போட்டோவைப் பார்த்ததும் பொருளைத்தான் கேப்பாங்க பஹீமா. வேரோட வரும். பிடிச்சிருக்கிற மண்ணும் சேர்ந்து வரும். மார்கழி வரைக்கும் மழை இருக்கு."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பஹீமாவின் முகம் வெளுத்தது.

"நான்தான் சார் முத்தையனை வரச் சொன்னேன். உண்மை தெரியப்போகுதுன்னு..."

முத்தையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "என்னம்மா, பாய் கெடைச்சுதா?"

ஜோவிதா எழுந்தாள். இரண்டடி நகர்ந்து, சின்ன மேட்டை மறைத்தபடி நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகே பேசினாள்.

"வித்துட்டாருங்க. நீங்க சொன்ன மாதிரி ரிசார்ட்டுக்குத்தான். எனக்கு அப்பவே தெரியும்."

பஹீமா வாயைத் திறந்தாள். பஞ்சநாதன் அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

முத்தையன் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"அம்மா சொல்றதுதாங்க," என்றார் பஞ்சநாதன்.