குருவி மோதாத கண்ணாடி

சாரல் தொடங்கிய மூன்றாம் நாள், ஐந்தருவி போகிற வழியில் இருந்த அந்தக் காட்டேஜுக்கு சங்கரேஸ்வரி மேனேஜராக வந்து சேர்ந்தாள். கடையத்தில் அவள் வீட்டிலேயே முதன்முதலாக டிகிரி வாங்கியவள், விலங்கியல். முதலாளி போனில் சொன்ன முதல் வேலையே குருவிதான். மாடி அறைக் கண்ணாடியில் மோதிச் செத்து விழுகிறதாம், கெஸ்ட் முகம் சுளிக்கிறார்களாம். செத்த குருவிக்கு வருத்தமில்லை, சுளித்த முகத்துக்குத்தான்.

கண்ணாடி சுவர் அகலத்துக்கு இருந்தது. வெளியே நின்று பார்த்தால் அறை தெரியாது, மலையும் மேகமும்தான். உள்பக்கம் வரிசையாக வெள்ளைப் பொட்டு ஒட்டியிருந்தது.

"உள்ள ஒட்டுனா என்ன பிரயோசனம் அண்ணாச்சி? வெளிய வார குருவிக்கு மலைதான தெரியும்?"

தோட்டம் கூட்டிக்கொண்டிருந்த மாடன் அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "ஏணியில யாரு ஏறுதது? விழுந்தா நீயா கஞ்சி ஊத்துவ?"

அவளே ஏறினாள். வெளிப்பக்கம், மூன்று விரல் இடைவெளியில், கண்ணாடி முழுக்கப் பொட்டு. நாலு நாள் ஒரு இறகு விழவில்லை.

"இனி ஒண்ணுகூட மோதாது அண்ணாச்சி."

"படிச்ச பிள்ள சொன்னா சரிதான்."

ஐந்தாம் நாள் மதியம், மலையே மறைகிற அளவுக்குச் சாரல்.

டொப்.

ஓடிப் பார்த்தாள். கீழே குருவி இல்லை. இறகுகூட இல்லை.

மாடிக்கு ஏறித் தாழ்ப்பாளை விலக்கினாள். ஈரத்துணி வாடை. அதற்கடியில் தேங்காயெண்ணெய் வாடை. கண்ணாடியின் உள்பக்கம், அவள் நெற்றி உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. அதன் இரண்டு பக்கமும் உள்ளங்கைத் தடம்.

சின்னக் கைகள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள், அவசரமே இல்லாமல், நகர்ந்து விழுந்தது.

இழுத்தாள். உதைத்தாள். போன் கீழே மேசையில் கிடந்தது. கண்ணாடியை அறைந்து "அண்ணாச்சி!" என்று கத்தினாள். தடித்த கண்ணாடி, அறைந்த சத்தம்தான் வெளியே போனது, குரல் போகவில்லை. மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு மேகம்தான் தெரிந்தது.

குனிந்து கூட்டத் தொடங்கினார்.

அறையில் காற்று குறைந்தது, அவள் மூச்சில் யாரோ பங்கு கேட்பதுபோல. அவள் கைக்குப் பக்கத்தில், கண்ணாடியில், இன்னொரு கை ஆவியாகப் படிந்தது.

அவள் அறைந்தாள். அதுவும் அறைந்தது.

டொப். டொப்.

கீழே துடைப்பம் நின்றது. அவர் தரையைப் பார்த்தார். குருவி இல்லை. வெளியே ஒட்டியிருந்த பொட்டுகளைப் பார்த்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தார்.

முற்றத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அண்ணாச்சி பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"போன வருசச் சாரலுக்கு மஞ்சுன்னு ஒரு பிள்ள இங்கன வேல பாத்தா. சிவகிரிக்காரி. மூச்சு இளைப்பு உண்டு. கெஸ்ட் செயினக் காணோம்னு முதலாளி அவள சத்தம் போட்டாரு. மறுநா கேட்டா, ஊருக்குப் போயிட்டாங்காரு. ரெண்டு நாளு மாடியில டொப்பு டொப்புன்னு…"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"குருவின்னு நெனச்சேன்."

"கீழ குருவி கெடந்துச்சா?"

அவர் மாடிக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணும் கெடக்கல."

"தூ" என்று எழுந்தாள். மேசைக்குப் போய்ப் போனை எடுத்து போலீசுக்கு நூறை அழுத்தினாள். மஞ்சு பேரைச் சொன்னாள், காட்டேஜைச் சொன்னாள். மாடியில் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாருமில்லை.

டொப்.

அண்ணாச்சியின் உதடு பழக்கத்தில் "குரு" என்று குவிந்து, அப்படியே நின்றது.

டொப். டொப்.

"அது என்னம்மா சத்தம்?" என்றது போன்.

"குருவி இல்ல சார்" என்றாள்.