வானம் தெரியாத புள்ளி

அப்பாவின் புள்ளி பச்சையாகியிருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கைபேசியை மறுபடி பார்த்தாள். பகல் முழுக்கக் கண்காணிப்பு அறையின் திரைகளையே வெறித்திருந்ததில் கண்ணுக்குள் மணல் அரித்தது. லாரிகளில் பொருத்திய கருவிகள், மீன்பிடிப் படகுகளில் உப்புக்காற்றைத் தாங்கும் கருவிகள், ஆம்புலன்ஸ்களில் வழி சொல்லும் கருவிகள் என ஊரில் நகர்வதெல்லாம் அங்கே புள்ளிகளாக ஊரும். எல்லாவற்றுக்கும் சட்டம் ஒன்றுதான். தலைக்கு மேலே வானம் தெரிந்தால் செயற்கைக்கோள் கிடைக்கும், புள்ளி பச்சை. கூரைக்குள் போய்விட்டால் அதே இடத்தில் சாம்பல் நிறம். ஊருக்கெல்லாம் வழி பார்க்கிறவளுக்குத் தன் வீடு போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும்.

அப்பாவுக்கு நினைவு தப்பிய பிறகு, அவர் ஷூவின் அடித்தட்டுக்குள் ஒரு கருவியை வைத்துத் தைத்தது அவள்தான். அவர் தெருத்தெருவாக அலைவார். அவள் வேலையிடத்திலிருந்து புள்ளியைப் பார்த்துச் சொல்ல, மகள் தன் கைக்கடிகாரத்தில் கேட்டபடியே போய்த் தாத்தாவின் கையைப் பிடித்துக் கூட்டிவருவாள். அந்தக் கடிகாரத்துக்கும் ஒரு புள்ளி உண்டு. போன மழைக்காலத்தில் அப்பா இறந்தபோது அவளுக்கு அழுகைக்கு முன்னால் தூக்கம்தான் வந்தது. அந்த அசதியில் ஷூவை யாரும் கழற்றவில்லை. இடுகாட்டில் மண் மூடியதும் புள்ளி சாம்பலானது. அதை அழிக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்.

எவனோ தோண்டி ஷூவைத் திருடியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காரைக் கிளப்பினாள். சாயங்கால நெரிசல். ஈரத் தார்ச்சாலையின் வாடையும் முன்னால் நின்ற பேருந்தின் புகையும் கண்ணாடியை ஏற்றிவிட்ட பிறகும் உள்ளேயே தங்கியிருந்தன. பச்சைப் புள்ளி இடுகாட்டு வாசலைத் தாண்டியது. ஒவ்வொரு முனையிலும் நின்றது. யோசித்தது. இடப்பக்கம் திரும்பியது. திருடன் அப்படி நடக்கமாட்டான். அப்பா அப்படித்தான் நடப்பார்.

புள்ளி அவர்கள் தெருவுக்குள் நுழைந்தது. வீட்டு வாசலில் நின்றது.

பிறகு சாம்பலானது.

அவள் மகளின் கடிகாரத்துக்கு அழைத்தாள். விரல் இரண்டு தடவை வழுக்கியது.

"பாப்பா, கதவத் தெறந்தியா?"

"தாத்தாம்மா. ஷூவெல்லாம் ஒரே சேறு."

"அவர்கிட்டப் போகாத கண்ணு. நீ உடனே பக்கத்து வீட்டுக்குப் போ."

"பாவம்மா. அவருக்குத் திரும்பிப் போக வழி தெரியலையாம். நான் கையப் புடிச்சுக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துர்றேன்."

தொடர்பு அறுந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டிலும் எடுக்கவில்லை. திரையில் இரண்டு புள்ளிகள் பச்சையாயின. ஒட்டி ஒட்டி நடந்தன. இப்போது எந்த முனையிலும் நிற்கவில்லை. வழி தெரிந்தவள் முன்னால் போகிறாள்.

"முந்நூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்," என்றது காரில் இருந்த கருவி, வீட்டுக்கான வழியை. அவள் திரும்பவில்லை. நேராக ஓட்டினாள். சிவப்பு விளக்கு. ஹாரன். புள்ளிகள் இடுகாட்டு வாசலுக்குள் போயின.

பெரியது சாம்பலானது.

சின்னது கொஞ்ச நேரம் பச்சையாகவே நின்றது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வந்துடு, வந்துடு என்று முனகினாள்.

அதுவும் சாம்பலானது.

அங்கே கூரை கிடையாது.

காரை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினாள். மேலே வானம் ஒரு மரக்கிளைகூடக் குறுக்கே இல்லாமல் விரிந்து கிடந்தது. அப்பாவைப் புதைத்த மேட்டில் புல் கணுக்காலளவு வளர்ந்திருந்தது. ஒரு புல்கூட மிதிபடவில்லை. யாரும் தோண்டவில்லை.

அவள் கடிகாரத்துக்கு அழைத்தாள்.

மணி காலடியில் கேட்டது. புல்லுக்குக் கீழே.

அழைப்பு எடுக்கப்பட்டது.

"தாத்தாவ விட்டுட்டேம்மா. அவரு தூங்கிட்டாரு," என்றாள் மகள். குரலில் நாள் முழுக்க நடந்த களைப்பு இருந்தது. "இங்க ஒரே இருட்டா இருக்கு. எந்தப் பக்கம் போகணும்னு பாத்துச் சொல்லும்மா."